இணைப்பு மட்டும்தானே குடுத்தேன், மிஸ்

போன மாதம் நீதிமன்ற நூலகத்தில், இளம் சட்டத்தரணிகளான உங்களில் ஒருத்தர் என்னைப் பிடித்துக்கொண்டார். "மெடம், இந்த இணையத்தள வழக்கெல்லாம் வந்தா எடுக்கலாமா? சட்டம் தெளிவா இல்லையே" என்று கேட்டார். முகத்தில் அத்தனை கவலை. கோட்டில் கடை மடிப்புக்கூட இன்னும் போகவில்லை. சட்டம் தெளிவாக இருக்கும் வழக்கை மட்டும்தான் எடுப்பேன் என்றால், பிள்ளை, பதுளை நீதிமன்ற வாசலில் கச்சான் கடலை விற்கலாம். அதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

அன்று அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை, எனக்குப் பஸ் வந்துவிட்டது. அதனால் இப்போது உங்கள் எல்லோருக்குமாகச் சொல்கிறேன். நான் ஓய்வு எடுப்பதற்குச் சற்று முன்னால் வந்த விவகாரம் இது. வழக்கு என்றுகூடச் சொல்ல முடியாது. நீதவான் முன்னால் அது போகவே இல்லை.

கட்சிக்காரரின் பெயரை மாற்றிச் சுகந்தி என்று வைத்துக்கொள்வோம். வயதில் என் மகளுக்கும் இளையவள், அதனால் 'அவள்' என்கிறேன். நேரில் அப்படிச் சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தொழிலாளர் லயத்தில் பிறந்து, பல்கலைக்கழகம் போய்க் கணிதம் படித்து, ஊருக்கே திரும்பி வந்து பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆசிரியர் நியமனத்துக்கு நேர்முகப் பரீட்சைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த நேரத்தில் பதுளைப் பொலிஸிலிருந்து போன் வந்தது, அவளுடைய இணையத்தளத்தில் ஒரு கணிதப் புத்தகத்தைக் களவாகக் கொடுப்பதாக முறைப்பாடு, நாளைக் காலை வந்து வாக்குமூலம் கொடுக்கச் சொல்லி. நேரே என் அலுவலகத்துக்கு வந்துவிட்டாள்.

பயந்துபோய் வந்திருப்பாள் என்று நினைப்பீர்கள். இல்லை. நாற்காலியில் உட்காரும்போதே வாதம் தயார்.

"மிஸ், நான் ஒண்ணும் திருடல. என் சைட்ல அந்தப் புத்தகத்தோட ஒரு பக்கம்கூடக் கெடையாது. யாரோ, எங்கயோ ஸ்கேன் பண்ணி ஏத்தி வச்சிருக்காங்க. நான் இணைப்பு மட்டும்தானே குடுத்தேன்?"

"சரி."

"பஸ் ஸ்டாண்ட்ல ஒருத்தர் வந்து லுணுகலை பஸ் எதுங்கன்னு கேக்குறாரு. கையக் காட்டுறேன். அவரு டிக்கட் எடுக்காமப் போனா என்னையவா புடிப்பாங்க?"

நல்ல வாதம். உங்களில் பாதிப் பேர் இதைவிட மோசமாக வாதாடிப் பார்த்திருக்கிறேன்.

"கையக் காட்டுனீங்களா," என்றேன், "இல்ல, வாங்க வாங்க, இந்த பஸ்ல டிக்கட்டே கேக்க மாட்டாங்கன்னு கூவி ஏத்துனீங்களா?"

"ஐயோ, கூவலைங்க மிஸ்."

"உங்க முகநூலையும் ஒருக்காப் பார்ப்போமே."

இங்கேதான் முதல் தடவையாக அவள் கை தயங்கியது. கட்சிக்காரரின் வாயைவிட அந்தக் கையைக் கவனியுங்கள். போனை என் பக்கம் திருப்பினாள். 'கணித வழிகாட்டி வாங்கக் கடை கடையா ஓட வேண்டாம் பிள்ளைகளா! முழுப் புத்தகமும் இங்கே இலவசம். உடனே அமத்துங்க!' என்று இருந்தது. கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக, கடைசியில் ஒரு ராக்கெட்.

"ராக்கெட் எதுக்கு?"

"சும்மாதாங்க மிஸ். வேகமா எறங்கும்னு காட்ட."

நான் பேனாவை எடுத்து அந்த வரிகளை அப்படியே குறித்துக்கொண்டேன். அந்தப் புத்தகம் கடையில் விற்கிறது என்பது அவளுக்குத் தெரியும், அதை வாங்க வேண்டாம் என்றும் அவளே சொல்லியிருக்கிறாள். 'தெரியாமல் செய்தேன்' என்ற கதவை அவளே உள்ளிருந்து பூட்டி, சாவியை ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிவிட்டாள்.

சைட்டையும் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் அவள் சொந்தமாக எழுதிய குறிப்புகள், பழைய வினாத்தாள்களுக்கு அவளே போட்ட விடைகள். அருமையான வேலை. நடுவில்தான் இந்த இணைப்புகள், பக்கத்தில் விளம்பரங்கள்.

"விளம்பரம்?"

"அது தானா வருதுங்க."

"தானா வந்தது யாரு கணக்குக்குப் போகுது?"

"எனக்குத்தான். சைட்டுக்கு வருஷா வருஷம் கட்டணுமே."

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வெறும் இணைப்புக் கொடுப்பதே பதிப்புரிமை மீறலா என்று நம் நாட்டில் அடித்துச் சொல்லும்படி ஒரு தீர்ப்பு என் கண்ணில் படவில்லை. அது உங்களுக்குச் சுவாரசியமான செய்தி, கட்சிக்காரருக்குக் கெட்ட செய்தி. தெளிவில்லாத இடத்தில் சட்டம் எப்படி விழும் என்று பார்ப்பதற்கு முதலில் தள்ளிவிடப்படுவது அவர்தானே. புலமைச் சொத்துச் சட்டத்தில் நட்டஈடும் உண்டு, குற்றவியல் தண்டனையும் உண்டு. 'நான் வைக்கவில்லை, காட்டினேன்' என்பவரிடம் அடுத்து வரும் கேள்விகள் இவை: களவு என்று தெரிந்து காட்டினாயா, எடுக்கச் சொல்லித் தூண்டினாயா, அதில் உனக்கு ஏதாவது கிடைத்ததா? சுகந்தி மூன்றுக்கும் படத்தோடு பதில் எழுதி வைத்திருந்தாள். படிப்புக்கு நியாயமான பாவனை என்று ஒரு சலுகை இருக்கிறதே என்பீர்கள். ஒரு பக்கம், இரண்டு பக்கத்துக்கு அது ஓடும். அட்டையிலிருந்து அட்டை வரைக்கும் போட்டால் அதற்கும் மூச்சு வாங்கும்.

இதையெல்லாம் சொன்னதும் முகம் வாடிவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவள் கணவர் போன் பண்ணினார். "சுகந்தி, கொழும்புல விசாரிச்சுட்டேன். லெப்டொப்ப முழுசா அழிச்சுட்டு, சைட்டையும் தூக்கிருவோம். எதுவுமே இல்லன்னா என்னத்தப் புடிப்பாங்க?" எனக்கே கேட்கும் சத்தம்.

போனை வாங்கினேன். "தம்பி, அந்த லெப்டொப்பத் தொடாதீங்க. உங்க சம்சாரம் அந்தப் புத்தகத்த ஸ்கேன் பண்ணல, ஏத்தல என்கிறதுக்கு இருக்கிற சாட்சி அதுதான். அத அழிச்சீங்கன்னா நாளைக்கு அவங்க செய்யாததையும் செஞ்சதாத்தான் நெனைப்பாங்க."

"அப்ப சைட்டு, மெடம்?"

"இணைப்புகள எடுத்துருங்க. எடுக்கிறதுக்கு முந்தி ஒவ்வொரு பக்கமும் எப்படி இருந்துச்சோ அப்படியே படம் புடிச்சு எனக்கு அனுப்புங்க. எடுக்கிறது வேற, ஒளிக்கிறது வேற."

பதற்றத்தில் வரும் கட்சிக்காரருக்கு இந்த வித்தியாசம் விளங்காது. விளங்க வைப்பதுதான் அந்த முதல் ஒரு மணித்தியாலத்தில் உங்கள் வேலை. சட்டப் பிரிவுகளை ஆறுதலாகப் பார்க்கலாம், அவை எங்கேயும் ஓடிவிடாது.

போன் வைத்த பிறகு சுகந்தி கேட்டாள், "மிஸ், சாதாரண தரப் பரீட்சை வருது. நிகழ்தகவு மட்டும் எங்க பிள்ளைகளுக்கு ஏறவே மாட்டேங்குது. அந்தப் பாடத்தோட இணைப்ப மட்டும் எடுக்காம விட்டுருவோமா?"

"எல்லாத்தையும் எடுக்கணும்."

"சரிங்க மிஸ்."

அந்த 'சரிங்க மிஸ்' கொஞ்சம் சீக்கிரம் வந்துவிட்டது.

மறுநாள் காலை பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டுக்காரர் எங்களுக்கு முந்தியே வந்து உட்கார்ந்திருந்தார். பதுளை பஸாரில் புத்தகக் கடையும் சின்னதாகப் பதிப்பகமும் வைத்திருந்த ஹாஜியார். மடியில் அந்தக் கணித வழிகாட்டி. என்னை நெடுநாளாகத் தெரியும், ஆனாலும் அன்று சலாம்கூட முறைப்பாகத்தான் வந்தது. பொறுப்பதிகாரி ஒரு சிங்களப் பெரியவர், பொறுமைசாலி. தமிழ் கொஞ்சம் விளங்கும், மீதியை நான் மொழிபெயர்த்தேன். இரண்டு பக்கத்துக்கும் மொழிபெயர்ப்பாளராக ஒரு பக்கத்துச் சட்டத்தரணியே இருப்பது அழகில்லைதான். வேறு ஆள் இல்லை.

"எனக்கு எப்புடித் தெரியவந்திச்சு தெரியுமா மிஸ்?" என்று ஹாஜியார் ஆரம்பித்தார். "என்ட பேத்தி போனப் பார்த்துக் கணக்குச் செஞ்சிட்டிருந்தா. என்ன புள்ள பாக்கிறன்னு எட்டிப் பார்த்தா, என்ட புத்தகம்! மேல் மாடியில கட்டுக் கட்டா அடுக்கி ஈக்கி. அதுக்குக் கீழ ஒக்காந்துக்கிட்டு என்ட பேத்தி போன்ல களவாப் படிக்கிறா!"

பொறுப்பதிகாரி இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் எழுந்து, இணைப்புகள் எல்லாம் நேற்றே எடுக்கப்பட்டுவிட்டன, என் கட்சிக்காரர் ஒத்துழைக்கிறார் என்றேன். என் குரலில் நல்ல நம்பிக்கை இருந்தது. பொறுப்பதிகாரி தலையாட்டிவிட்டுத் தன் கணினியில் சைட்டைத் திறந்தார். கீழே நகர்த்திக்கொண்டே போனார். ஓரிடத்தில் நிறுத்தினார். 'நிகழ்தகவு, முழுப் பாடம், இங்கே அமத்தவும்.'

சுகந்தியைப் பார்த்தேன். அவள் கூரையில் ஏதோ தேடிக்கொண்டிருந்தாள்.

"சேர், அது வெறும் கணக்குப் பாடம்தான்," என்றாள் அவசரமாக. "நீங்களே அமத்திப் பாருங்க. படிப்புதான் இருக்கும்."

அவர் அமத்தினார்.

முதலில் சங்கீதம் வந்தது, பொலிஸ் நிலையம் முழுக்கக் கேட்கும்படி. பிறகு அரைகுறை உடுப்பில் ஒரு பெண் சீட்டுக்கட்டை விசிறிக்கொண்டு வந்து கண்ணடித்தாள். சூதாட்டத் தளம். மூடும் பொத்தானை அமத்தினால் இன்னும் இரண்டு பெண்கள் வந்தார்கள், முதலாமவளுக்கு இருந்த உடுப்பும் அவர்களுக்கு இல்லை. அடுத்த அறையிலிருந்து ஒரு கொன்ஸ்டபிள் எட்டிப் பார்த்தார், பிறகு இன்னொருவர்.

"மே மொகக்த?" என்றார் பொறுப்பதிகாரி. இதென்ன என்று கேட்கிறார் என்பதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

நடந்தது சிறிய விசயம். அந்தப் பாடத்தை ஏற்றி வைத்திருந்த முகம் தெரியாத ஆள், அதே முகவரியைச் சூதாட்டக்காரர்களுக்குத் திருப்பிவிட்டிருந்தான். இணைப்பின் இந்த முனைதான் சுகந்தியின் கையில், அந்த முனை யார் கையில் என்று அவளுக்கு ஒரு நாளும் தெரியாது. நிகழ்தகவு படிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

நான் அவளைத் திட்டத் திரும்பினேன். திட்ட முடியவில்லை. அவள் விரல்விட்டுத் தன் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

"மிஸ்," என்றாள் மெதுவாக. "பிள்ளைக இதத் தொறந்திருப்பாங்களா? நேத்து ராத்திரிகூட அந்தப் பாடத்தப் பாத்துட்டு வாங்கன்னு சொல்லி விட்டேங்க."

ஹாஜியார் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். "யா அல்லாஹ்! என்ட பேத்தி!" சட்டைப் பையில் போனைத் தேடினார், கிடைக்கவில்லை. புத்தகம் கீழே விழுந்தது.

சுகந்தி என் கையைப் பிடித்தாள். "பெத்தவங்க குரூப்புக்கு இப்பவே சொல்லணும் மிஸ். யாரும் தொறக்காதீங்கன்னு."

இங்கேதான் கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? அவள் ஒரு சந்தேகநபர். பொலிஸ் நிலையத்துக்குள் நிற்கிறாள். அந்த எச்சரிக்கையை அனுப்பினால், அந்தத் தளம் என்னுடையது, அந்த இணைப்பு நான் கொடுத்தது என்று தன் பெயர் போட்டு எழுதித் தருகிற மாதிரி. நாளை யாராவது அதை வழக்கில் தூக்கிக் காட்டலாம். பாடப்புத்தகச் சட்டத்தரணி சொல்லும் பதில், வாயை மூடு, எதுவும் எழுதாதே. அது சரியான பதில்தான். பரீட்சையில் எழுதுங்கள், புள்ளி கிடைக்கும்.

அவள் எழுதாமல் இருந்திருந்தால் வெளியில் இருந்த பிள்ளைகள் ஒவ்வொருத்தராக அதை அமத்திக்கொண்டிருப்பார்கள்.

பொறுப்பதிகாரியிடம் சிறிது நேரம் கேட்டேன். கொடுத்தார். வெளியே கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்து, வாசகத்தை நானே சொன்னேன். "'நிகழ்தகவுப் பாடத்துக்கான இணைப்பு இப்போது தவறான தளத்துக்குப் போகிறது. தயவுசெய்து யாரும் திறக்க வேண்டாம், பிள்ளைகளின் போனைப் பாருங்கள்.' அவ்வளவுதான். மன்னிப்பு, விளக்கம், கண்ணீர், ராக்கெட், ஒண்ணும் வேணாம்." பொய் ஒரு சொல்லும் இல்லை, தேவைக்கு மேலும் ஒரு சொல் இல்லை. அனுப்பினாள். அதே இடத்திலிருந்து சைட்டில் மிஞ்சியிருந்த இணைப்பையும் எடுத்தாள். எடுப்பதற்கு முன் படம் பிடித்துக்கொண்டாள். அந்த நிலையிலும் அதை மறக்கவில்லை, அதற்காக, முதல் நாள் 'சரிங்க மிஸ்' என்று ஏமாற்றிய குற்றத்தை மன்னித்தேன்.

வாங்கின் மறு முனையில் ஹாஜியார் ஒருவாறு தேடியெடுத்த போனில் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார். "புள்ளைட போனப் பறிச்சு எடு! இல்ல, ஏசாத! பறிச்சு எடு, ஏசாத!" போனை வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார். பேத்தி திறக்கவில்லை, கணக்கே போரடித்துத் தூங்கிவிட்டாளாம். முறைப்பாட்டுக்காரரும் சந்தேகநபரும் ஒரே வாங்கில் உட்கார்ந்து ஒரே மாதிரி மூச்சு விட்டதை அன்றுதான் பார்த்தேன்.

"புள்ள," என்றார் அவர் சுகந்தியிடம், "நீ ஓடிப்போய் உன்னக் காப்பாத்துவன்னு நெனச்சன்."

அவள் அழுதாள். "புத்தகம் மடுல்சீமைக்கு வர்றதே இல்லைங்க ஹாஜியார். பதுளைக்கு வந்து வாங்கிட்டுப் போனா அன்னைக்குப் பேரே போயிரும் பெத்தவங்களுக்கு, நாள் சம்பளம் கெடைக்காது. அதுக்காகத்தான்…"

"அத வந்து சொல்லிக் கேட்டீக்கலாமே."

இணக்கத்துக்கு வர ஹாஜியார் தயார் என்று விளங்கியது. நீங்கள் இந்த இடத்தில் சந்தோஷப்பட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவீர்கள். நான் உள்ளே போய், கீழே விழுந்து கிடந்த புத்தகத்தை எடுத்துவந்து முதல் தாளைப் பிரித்தேன். பதிப்பு ஹாஜியாருடையது. உரிமை எழுதியவருக்கு என்று போட்டிருந்தது. எழுதியவர் கையெழுத்து இல்லாமல் எந்தச் சமாதானமும் அரைச் சமாதானம்தான், மற்றப் பாதி எப்போது வேண்டுமானாலும் எழுந்து வரும்.

"இவரு எங்க இருக்காரு?"

"மாஸ்டரா? மொனராகலையில, மகள்ட வீட்ட. நடமாட்டம் கொறஞ்சு போச்சு."

சுகந்தி நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை நாளும் அட்டையில் இருந்த பெயர் அவளுக்கு வெறும் பெயர்தான். அந்த ஆள் உயிரோடு, இரண்டு மூன்று மணித்தியாலத் தூரத்தில் இருப்பார் என்று அவள் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

ஹாஜியாருக்கு அவர் பக்கத்துக்கு ஒரு சட்டத்தரணியைப் பார்த்து, நான் எழுதிய இணக்கப் பத்திரத்தைக் காட்டச் சொன்னேன், காட்டினார். அடுத்த வாரம் அவருடைய வேனிலேயே மூன்று பேரும் பசறை வழியாக இறங்கினோம். வளைவுகளில் சுகந்திக்குத் தலை சுற்ற, ஹாஜியார் முன் சீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னால் புத்தகக் கட்டுகளோடு உட்கார்ந்து வந்தார்.

மொனராகலை வெக்கையில் மாஸ்டர் வாசலில் சாய்வு நாற்காலியில் இருந்தார். மெலிந்த உடம்பு, குரல் மட்டும் வகுப்பறைக் குரல். நான் விசயத்தைச் சொன்னேன். சுகந்தி மன்னிப்புக் கேட்டாள். தன் தளத்திலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டதையும், பகிரங்கமாக வருத்தம் தெரிவிக்கப்போவதையும் சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று ஹாஜியார் என்னைப் பார்த்தார்.

"பிள்ளைகளுக்கு எந்தப் பாடம் விளங்கல?" என்றார் மாஸ்டர் திடீரென்று.

"சேர்?"

"எல்லாம் எடுத்துப் படிச்சாங்கல்ல? எது விளங்கல?"

"நிகழ்தகவுங்க சேர்."

"ஏன்?"

சுகந்தி என்னைப் பார்த்தாள். சொல்லு என்று கண்ணைக் காட்டினேன். "நீங்க நாணயம் சுண்டுறதுல ஆரம்பிச்சு, ரெண்டாம் பக்கத்துலயே மர வரிப்படத்துக்குப் போயிட்டீங்க சேர். நடுவுல ஒரு படி இல்ல. நான் எடுத்தா, மூட்டைக்குள்ள கை விட்டுத் தேயிலைக் கொழுந்து எடுக்குற மாதிரி ஒரு கணக்க நடுவுல வைப்பேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் புத்தகத்துக்குப் புள்ளி போடும் கட்சிக்காரரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

மாஸ்டர் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு மகளைக் கூப்பிட்டுக் கண்ணாடியும் தாளும் கொண்டுவரச் சொன்னார். "புத்தகத்தத் தரமாட்டேன்," என்றார் சுகந்தியிடம். "அது ஹாஜியாருக்குக் குடுத்த வாக்கு. இந்தப் பாடத்தப் புதுசா எழுதித் தர்றேன். அத உங்க தளத்துல சும்மாவே போடுங்க. விளம்பரம் பக்கத்துல இருக்கக் கூடாது. என் பேர் மேல இருக்கணும், பெரிசா."

"கேட்டிருந்தா முன்னாடியே குடுத்திருப்பீங்களா சேர்?" என்றாள் அவள்.

"கேட்டிருந்தா முடியாதுன்னுதான் சொல்லியிருப்பேன். நீங்க இப்ப சொன்ன மாதிரி என்னோட சண்டை புடிச்சிருப்பீங்க. அப்பவே எழுதியிருப்பேன்."

மூன்று பேரும் இணக்கத்தில் கையெழுத்துப் போட்டார்கள், முறைப்பாடு பொலிஸ் நிலையத்தோடு முடிந்தது. சுகந்திக்கு நியமனமும் கிடைத்தது. இணைப்பைப் பற்றிய சட்டம் இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. உங்களில் யாராவது ஒரு நாள் அதை மேல் நீதிமன்றம் வரை கொண்டுபோய்த் தெளிவாக்குங்கள், நான் வந்து பின் வரிசையில் உட்காருகிறேன். அந்த வழக்கில் உங்கள் கட்சிக்காரர் சுகந்தியாக இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அன்று வாசலில் ஹாஜியாருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. சுற்றிச் சுற்றி வந்தார். "மாஸ்டர், அப்ப மாடியில ஈக்கிற கட்டெல்லாம் முடிஞ்சு, அடுத்த பதிப்பு அடிக்கக்குள்ள எந்தப் பாடத்தப் போடுற? பழசையா, புதுசையா?"

மாஸ்டர் தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"புதுசப் போடுங்க ஹாஜியார். பழசு எனக்கே விளங்கல."